சாவியும் ஜன்னலும் யார் குடுத்தது?

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், உட்கார இடம் கிடைக்காம பின்னாடி நின்னுக்கிட்டே கேக்கறவங்களுக்கும் வணக்கம். தலைப்பு, சென்னையின் பண்பாட்டை வளர்த்தது பூர்வகுடிகளா, வந்து குடியேறியவர்களா. நான் வந்து குடியேறினவங்கதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் நல்லா பேசினாரு, கைதட்டலும் வாங்கினாரு. வீட்டுக்காரன் வேற விருந்தாளி வேற, எத்தனை நாள் தங்கினாலும் வீடு விருந்தாளியோடது ஆகாதுன்னாரு. சரிண்ணே, அந்த வீட்டுக்குள்ளயே போவோம். கதவை எதால தொறப்பீங்க, சாவி. உள்ள போனதும் காத்து வர எதை தொறப்பீங்க, ஜன்னல். துணிமணி எங்க இருக்கு, அலமாரில. மூணுமே போர்த்துகீசியர்கிட்ட இருந்து வந்த வார்த்தைண்ணே. இங்கிலீஷ்காரன் கோட்டை கட்டறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே சாந்தோம்ல வந்து குடியேறினவங்க அவங்க. நம்மகிட்ட திறவுகோலும் இருந்துச்சு சாளரமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா உங்க வீட்ல யாராச்சும் திறவுகோல் எங்க வச்சம்மான்னு தேடியிருக்காங்களா? அவங்க குடுத்த வார்த்தை இல்லாம வீட்டுக்காரர் வீட்டையே தொறக்க முடியாதுன்னா அப்புறம் அவங்களை எப்படிண்ணே விருந்தாளின்னு வாசல்லயே நிறுத்தறது?

வார்த்தைன்னு வந்துட்டதால மெட்ராஸ் பாஷையை சொல்லாம போக முடியாது. அதை கொச்சைன்னு சொல்றவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோவம் உண்டு. நாஷ்டா, பேஜார், உஷார் இதெல்லாம் பாரசீகத்துல இருந்து உருது வழியா வந்தது, கில்லாடி இந்துஸ்தானி, நைனா தெலுங்கு, துட்டு வந்து டச்சுக்காரங்க காசோட பேர், பழவேற்காட்டுல கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தாங்களே அவங்க. இந்த பாஷையை எந்த பண்டிதரும் உட்கார்ந்து உண்டாக்கல, துறைமுகத்துல பத்து ஊர்க்காரன் சேர்ந்து ஒரே மூட்டையை தூக்கும்போது ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்கு புரிஞ்சாகணும் இல்லன்னா மூட்டை கால்ல விழும், அப்படி பொறந்த பாஷை இது. அதை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்தி வச்சிருக்கறது குப்பத்து ஜனங்களும் வடசென்னை ஜனங்களும்தான், அதை நான் மறுக்கல.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும், கிழக்கிந்தியக் கம்பெனி இங்க நிலம் வாங்கின 1639க்கு முன்னாடியே இருந்துச்சேன்னு எதிரணி அக்கா கேட்டாங்க. இருந்துச்சுக்கா. பார்த்தசாரதி கோயில்ல பல்லவர் காலத்து கல்வெட்டே இருக்கு. ஆனா அது தனி ஊர், இது தனி ஊர், நடுவுல தோப்பும் வயலும். இதெல்லாம் சேர்ந்து ஒரு பட்டணமா ஆனது வந்தவங்களாலதான். கம்பெனிக்காக பிரான்சிஸ் டே நிலம் வாங்கும்போது துபாஷியா, அதாவது மொழிபெயர்த்து சொல்றவரா இருந்த பேரி திம்மப்பா தெலுங்குக்காரர். நிலத்தை குடுத்த தாமர்ல வெங்கடப்பாவும் தெலுங்கு நாயக்கர், அவங்க அப்பா சென்னப்ப நாயக்கர் பேர்லதான் சென்னப்பட்டணம்னு பேர் வந்துச்சுன்னு பொதுவா சொல்றாங்க. கம்பெனிக்கு துணி வேணும், துணிக்கு நெசவாளி வேணும், 1734ல அவங்களை கூட்டிட்டு வந்து குடி வச்ச இடம்தான் சின்ன தறிப் பேட்டை, நாம சிந்தாதிரிப்பேட்டைங்கறோம். நெய்ஞ்ச துணியை வெளுக்க வந்தவங்களுக்கு வண்ணாரப்பேட்டை. பஸ்ல கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்றாரே, அதுல பாதி யார் எதுக்கு வந்தாங்கங்கற கணக்குதான்.

அதே அக்கா இன்னொன்னும் சொன்னாங்க, ஊருக்கு உழைச்சவங்களை ஊருக்கு வெளிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போய் விட்டுட்டாங்களேன்னு. அந்த வலில நான் உங்க பக்கம்தான்க்கா, அதுல அணி பிரிக்க மாட்டேன். ஆனா அவங்களை தூக்கிப் போட்டது அதிகாரம், பக்கத்து தெருவுல வந்து குடியேறினவங்க இல்ல.

டிசம்பர் கச்சேரியை நம்ம அசல் அடையாளம்னு சொன்னீங்க. அந்த மேடையில பாடறவருக்கு பக்கத்துல வயலின் இருக்குல்ல, அது ஐரோப்பாவுல இருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர், திருவாரூர்ல இருந்து வந்த குடும்பம், சென்னை பக்கத்துல மணலிங்கற ஊர்ல முதலியார் ஆதரவுல இருக்கும்போது ஐரோப்பியர்கிட்ட அதை கத்துக்கிட்டு நம்ம ராகத்துக்கு வளைச்சாரு. வாத்தியமும் வந்தது, வாசிச்சவரும் வந்தவர்.

அடுத்து, வந்தவங்க சம்பாதிச்சாங்க போயிட்டாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு. அதுக்கு ஒரே ஒரு மனுஷனை மட்டும் சொல்றேன். கோஜா பெட்ரஸ் உஸ்கான், அர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டைல அடையாறு மேல இன்னைக்கு மறைமலையடிகள் பாலம் இருக்கே, அந்த இடத்துல 1726ல முதல்ல பாலம் கட்டினது இவர், சொந்தக் காசுல. மர்மலாங் பாலம்னு பேர். பரங்கிமலைக்கு ஏறுற படிக்கட்டும் அவர் காசுதான். கட்டினதோட விடல நடுவர் அவர்களே, தனக்கப்புறம் பராமரிக்கறதுக்குன்னு தனியா பணமும் ஒதுக்கி வச்சாரு. சம்பாதிச்சுட்டு கப்பல் ஏறப் போறவன் பராமரிப்புக்கு எதுக்கு பணம் வைக்கணும்? இந்த மண்ணுலதான் செத்தாரு, வேப்பேரிலதான் புதைச்சாங்க. உலகத்துலயே முதல் அர்மீனிய பத்திரிகை 1794ல வந்ததும் நம்ம மெட்ராஸ்லதான். இன்னைக்கு அர்மீனியர்னு இங்க சொல்லிக்க கிட்டத்தட்ட யாருமே இல்ல, தெருவும் சர்ச்சும் இருக்கு, மலைப்படில ஜனங்க ஏறிட்டுதான் இருக்காங்க.

1960கள்ல பர்மால இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தமிழ்க் குடும்பங்களையும் பாருங்க. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் அவங்க போட்டது. அங்க சாயங்காலம் வாழைத்தண்டு சூப்போட அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடற பசங்களுக்கு அது வெளிநாட்டு சாப்பாடாவே தெரியாது, பாரிஸ் கார்னர் சாப்பாடு, அவ்வளவுதான்.

கடைசியா திருவல்லிக்கேணி. அங்க வாலாஜா மசூதி இருக்கு, 1795ல கட்டினது, ஆற்காட்டு நவாப் குடும்பத்தோடது, அவங்களும் இந்த ஊருக்கு வந்தவங்கதான். ரம்ஜான் மாசம் சாயங்காலம் அங்க போங்க. நோன்பு திறக்க ஆயிரம் பேருக்கு மேல உட்கார்ந்திருப்பாங்க, குல்லா போட்டுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு தட்டு வைக்கிறவங்க யாருன்னு பார்த்தா மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பை சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினைல வீடு வாசல் எல்லாம் போய் அகதியா வந்த ஜனங்க, மதத்து பேரால ஊரை இழந்தவங்க. அவங்க மயிலாப்பூர்ல சமைச்சு வண்டில ஏத்திக் கொண்டு வந்து முப்பது வருஷத்துக்கும் மேல இதை செஞ்சுட்டு இருக்காங்க. சிந்துல இருந்து வந்தவங்க ஆரம்பிச்சது, ஆற்காட்டு நவாப் மசூதில நடக்குது, கூப்பிடு தூரத்துல பார்த்தசாரதி கோயில். இந்த ஒரு காட்சியை சென்னை பண்பாடு இல்லைன்னு சொல்லணும்னா எதிரணி அங்கயே போய்தான் சொல்லணும். தட்டை ஏந்திக்கிட்டு நிக்கற பெரியவர்கிட்ட போய், ஐயா நீங்க இந்த ஊரான்னு கேக்க எனக்கு வாய் வரல. அண்ணனுக்கு வருதான்னு மட்டும் கேட்டுட்டு உட்காருறேன்.

நன்றி, வணக்கம்.