நகல்தான் மிஞ்சியது: ஸ்காட்லாந்தின் கையெழுத்துப் படிகள்

[திரை: பழுப்பேறிய தோல் ஏடு, அடியில் தொங்கும் மெழுகு முத்திரைகள்]

வணக்கம். திரையில் தெரிகிற இந்தத் தோல் ஏடு எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர் ஆர்ப்ரோத் பிரகடனம். தேதி 6 ஏப்ரல் 1320. "எங்கள் மன்னர் ராபர்ட் புரூஸ்தான், இங்கிலாந்துக்கு நாங்கள் அடங்க மாட்டோம்" என்று ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு லத்தீனில் எழுதிய கடிதம் இது. எங்களில் நூறு பேர் உயிரோடு இருக்கும்வரை பணிய மாட்டோம் என்ற அந்தப் புகழ்பெற்ற வரி இதில்தான் வருகிறது.

ஆனால் போப்பின் கைக்குப் போன கடிதம் இது இல்லை. அது போப் அப்போது தங்கியிருந்த அவிஞோனுக்குப் போனது. இன்று அது கிடையாது. நாம் பார்ப்பது அனுப்பியவர்கள் தங்கள் கைவசம் வைத்துக்கொண்ட படி. இந்தக் கால ஆபீஸ் வழக்கில் சொன்னால், ஃபைல் காப்பி.

அந்தப் படியும் சுகமாக இருந்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஹாடிங்டன் பிரபு குடும்பத்தின் டைனிங்கேம் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. 1829இல்தான் அரசுக் காவலுக்குத் திரும்பியது. இடையில் ஈரம் பட்டுச் சில இடங்கள் அரித்துப் போயின. முத்திரைகளிலும் 19தான் மிஞ்சின. நல்லவேளையாக, 1440களில் வால்டர் பவர் என்ற மடாதிபதி தன்னுடைய பெரிய வரலாற்று நூலான ஸ்காட்டிக்ரானிகனில் இந்தக் கடிதத்தை முழுதாக எழுதி வைத்திருந்தார். ஆக, ஒரு நகலில் ஓட்டை விழுந்தால் இன்னொரு நகலைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் பழைய ஆவணங்களைத் தேடிப் போனால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். மூலம் இருக்காது, படி இருக்கும்.

[திரை: வட கடல் வரைபடம், ஸ்டர்லிங், லண்டன்]

மூலங்களெல்லாம் எங்கே போயின? 1290களில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் நிறைய ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார். அதுவாவது போர்க்கொள்ளை. அடுத்து நடந்ததுதான் வயிற்றெரிச்சல். 1651இல், மன்னராட்சியை ஒழித்த இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை ஸ்டர்லிங் கோட்டையைப் பிடித்து, அங்கே இருந்த ஆவணங்களை லண்டன் கோபுரத்துக்கு அனுப்பியது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும், சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஈகிள் என்ற கப்பலில் ஏற்றினார்கள். வழியில் புயல். பாரத்தைக் குறைக்க 85 பீப்பாய் ஆவணங்களை எலிசபெத் என்ற இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். நார்தம்பர்லாந்துக் கரையருகே அந்த எலிசபெத் மூழ்கிப் போனது. எடுத்துக்கொண்டு போனபோது பிழைத்த காகிதங்கள், திருப்பித் தரும்போது கடலோடு போயின.

இதையெல்லாம் பார்த்தபின், படி எடுக்கும் எழுத்தரைச் சாதாரண ஆளாக நினைக்க முடியாது. 1617இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஸஸீன், அதாவது நில உடைமை மாற்றப் பதிவேட்டைச் சட்டமாக்கியது. நிலம் கைமாறும்போது அந்த நிலத்து மண்ணையும் கல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு நோட்டரி ஒரு பத்திரம் எழுதுவார். அந்தப் பத்திரத்தை எழுத்தர் வரிக்கு வரி பதிவேட்டில் படியெடுப்பார். வீட்டில் இருக்கும் பத்திரம் தீப்பிடித்தாலும் பதிவேட்டிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம், அது செல்லும்.

இது சட்டத்துக்காக எடுத்த படி. எனக்குப் பிடித்த படி வேறு ஒன்று. அதை எழுதச் சொல்லி யாரும் எழுதியவருக்குக் கூலி கொடுத்ததாகத் தெரியவில்லை.

[திரை: பானடைன் கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கம்]

1568. எடின்பரோவில் கொள்ளைநோய். ஜார்ஜ் பானடைன் என்ற இளைஞருக்கு வயது இருபத்துமூன்று இருக்கும்; வியாபாரக் குடும்பம். அந்த நோய்க்காலத்தின் மூன்று மாதத்தில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த ஸ்காட்ஸ் மொழிக் கவிதைகளையெல்லாம் ஒரே தொகுப்பாக எழுதினார். சுமார் 400 கவிதைகள். பக்திப் பாடல்கள், நீதிப் பாடல்கள், கேலிப் பாடல்கள், காதல் பாடல்கள், கதைப் பாடல்கள் என்று ஐந்து பகுதியாகப் பிரித்தார். கொஞ்சம் வேலையை அதற்கு முன்பே தொடங்கியிருப்பார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிகிற எழுத்தா அது!

வில்லியம் டன்பார், ராபர்ட் ஹென்ரிசன் போன்ற பெருங்கவிகளின் பாடல்களில் பல இன்று நமக்குக் கிடைப்பது இந்தத் தொகுப்பால்தான். வாசகரிடம் அவர் ஒரு மன்னிப்பும் கேட்கிறார்: தனக்குக் கிடைத்த ஏடுகளே பழசாகிச் சிதைந்தவை என்று. ஆக, நகலைப் பார்த்து எழுதிய நகல் இது.

பானடைன் கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்தவரும் இல்லை. எட்டு வருடம் முன்னால், 1560இல், ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தைக் கைவிட்டுவிட்டது. கன்னி மேரியைப் போற்றும் பழைய பாடல்களில் சில இடங்கள் இந்தப் பிரதியில் மாறிக் கிடக்கின்றன. கவிஞன் எழுதியது ஒன்று, 1568இல் எழுதி வைக்க முடிந்தது இன்னொன்று. பிழை என்று இதைத் தள்ளிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்; அந்தக் காலத்துப் பயம் அந்த மாற்றத்தில்தான் பதிந்திருக்கிறது.

பிரதி அவருடைய மகள் வழிக் குடும்பத்தில் தங்கியது. 1772இல் எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்துக்கு வந்தது, இப்போது ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1823இல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பழைய ஏடுகளை அச்சிட ஒரு சங்கம் தொடங்கியபோது, அதற்கு இந்த வியாபாரியின் பெயரைத்தான் வைத்தார்.

[திரை: அதே பக்கம், ஒரு சொல் மட்டும் பெரிதாக]

இப்போது கிட்டப் போய்ப் பார்ப்போம். பானடைன் காலத்து எழுத்தர்கள் எழுதிய வேக எழுத்துக்கு செக்ரட்டரி ஹேண்ட் என்று பெயர். 'எஸ்' சில இடத்தில் நீண்டு 'எஃப்' மாதிரி நிற்கும். 'ஈ' திரும்பி உட்கார்ந்திருக்கும். முதல் நாள் ஒரு வரி படிக்க அரைமணி நேரம் ஆகும், அப்புறம் கண் பழகிவிடும்.

அதிலும் 3 என்ற எண்ணைப் போலவே ஓர் எழுத்து வரும். அதன் பெயர் யோக். நம் 'ய'வுக்குப் பக்கத்து ஒலி. அச்சு வந்தபோது அச்சுக்கோப்பவர்களிடம் இந்த எழுத்து இல்லை, பார்க்க ஏறக்குறைய அதைப் போலிருந்த 'இஸட்'டை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுத்துக்கூட்டினால் 'மென்ஸீஸ்' என்று வரும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் 'மிங்கிஸ்' என்பார்கள். கல்லேன் என்று சொல்லப்படும் கோட்டையின் பெயருக்கு நடுவிலும் ஓர் 'இஸட்' சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஓர் எழுத்து மாறினால் ஒரு பெயர் மாறுகிறது. ஒரு கடிதத்தில் மாறினால்?

[திரை: சிறிய வெள்ளிப் பேழை]

பானடைன் தன் தொகுப்புக்கு 1568 என்று தேதி போட்டாரே, அதே வருடக் கடைசியில் இங்கிலாந்தில் வேறு சிலர் மும்முரமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதியது பாட்டு இல்லை, ஒரு ராணியின் தலையெழுத்து.

1567 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் மேரி ராணியின் கணவர் டார்ன்லி கொல்லப்பட்டார். மூன்றே மாதத்தில், கொலைப் பழி சுமந்த போத்வெல் பிரபுவை மேரி மணந்தார். ஜூனில் ராணியின் எதிரிகள் கையில் ஒரு வெள்ளிப் பேழை சிக்கியது. உள்ளே பிரெஞ்சில் எட்டுக் கடிதங்களும் சில காதல் கவிதைகளும். மேரியே போத்வெல்லுக்கு எழுதியவை, கொலையில் அவருக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதுவே சாட்சி என்றார்கள். பொய்க் கடிதம் என்றார் மேரி.

மேரி இங்கிலாந்துக்குத் தப்பிப் போனபின், அங்கே ஒரு விசாரணைக் குழுவின் முன் கடிதங்கள் வைக்கப்பட்டன. எழுத்தர்கள் சிலவற்றைப் பிரெஞ்சிலேயே எழுதிக்கொண்டார்கள், சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டார்கள். மூலங்கள் ஸ்காட்லாந்து திரும்பின. கடைசியாகக் கௌரி பிரபுவிடம் இருந்தன. 1584இல் அவர் தலை போனது, அதற்குப் பிறகு கடிதங்களைக் கண்டவர் இல்லை.

மையைச் சோதிக்க முடியாது. கையெழுத்தை ஒப்பிட முடியாது. ஒரிஜினலில் எங்கே அடித்துத் திருத்தியிருந்தது என்று பார்க்க முடியாது. இருப்பதிலேயே நீளமான கடிதத்தின் நடுவே, எழுத வேண்டிய விஷயங்களின் குறிப்பு மாதிரி துண்டு வரிகள் வருகின்றன. எழுத்தர் அவற்றையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். உண்மையான கடிதம் என்பதால்தான் இப்படி இருக்கிறது என்பார் ஒருவர். இரண்டு காகிதங்களை ஒட்டிச் சேர்த்த வேலை என்பார் இன்னொருவர். 450 வருடங்களுக்கும் மேலாக வாதம் நடக்கிறது, இரு தரப்பும் கையில் பிடித்திருப்பது நகலைத்தான்.

அந்தக் கடிதங்கள் இருந்தவை என்று நம்பப்படும் பேழையை 2022இல் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இப்போது அங்கே போனால் பார்க்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை.