கடைக்காரரின் தமிழ்க் கடிதம்: ஸ்டென்சில் முதல் குறுஞ்செய்தி வரை

(சிறு வணிகர்களும் அலுவலக உதவியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு ஜவுளிக்கடை, தீபாவளிக்கு முன்னால் தன் வாடிக்கையாளர் 500 பேருக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்ப நினைக்கிறது. இன்றைக்கு இந்த ஒரு வேலையை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். இதைச் செய்யும் கருவிகள் ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஒவ்வொன்றும் முதலில் ஆங்கில எழுத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழ் எந்த இடத்தில் இடிக்கும் என்று தெரிந்தவர் கையில்தான் அது நமக்கு ஒழுங்காக வேலை செய்தது. இன்றும் அப்படித்தான்.

தட்டச்சுப்பொறியிலிருந்து தொடங்குவோம். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா அதற்கு வழி கண்டார். அதில் மிக அழகான ஏற்பாடு நகரா விசை. 'க்' அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளி. அதை அடித்தால், தாளைச் சுமந்து நகரும் வண்டி நகராது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் விழுந்து, பிறகு வண்டி நகரும். வாய் சொல்லும் வரிசையும் விரல் அடிக்கும் வரிசையும் நேர் எதிர். தமிழ்த் தட்டச்சு பழகியவர்கள் இதை யோசிக்காமலே செய்தார்கள்; அந்தப் பயிற்சிக்கு நாம் போதிய மரியாதை தரவில்லை என்பது என் எண்ணம்.

கார்பன் வைத்தால் நாலைந்து படி வரும், கடைசிப் படி மங்கலாக இருக்கும். 500 படிக்கு ஸ்டென்சில்தான். தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல் என்றோம், இலங்கையில் ரோனியோ என்றார்கள். ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். பொறியின் ரிப்பன் நெம்புகோலை வெள்ளைக் குறிக்குத் தள்ளிவிட வேண்டும். ரிப்பன் மேலே எழாது, அச்செழுத்து நேராக மெழுகில் பாய்ந்து வெட்டும். மை அந்த வெட்டு வழியாகத்தான் கசிந்து காகிதத்துக்கு வரும். அதனால் உட்காரும் முன் அச்செழுத்துகளைப் பிரஷ் போட்டுத் துடைப்பார்கள். சுழிக்குள் பழைய மையும் மெழுகும் அடைத்திருந்தால் வெட்டு விழாது.

இங்கேதான் தமிழ் இடித்தது. 'ண', 'ஞ' மாதிரிச் சுழி உள்ள எழுத்தைக் கொஞ்சம் பலமாக அடித்தால் சுழியின் நடுப்பகுதி மெழுகோடு பெயர்ந்து விழுந்துவிடும். அச்சில் அது ஒரு மைப்பொட்டு. 'அண்ணாச்சி' என்று எழுதினால் இரண்டு பொட்டு. மெதுவாக அடித்தாலோ புள்ளி வெட்டாது. 'பட்டு' என்பது 'படடு' ஆகிவிடும். எழுத்துக்கு எழுத்து விரலின் பலத்தை மாற்ற வேண்டும். பிழை வந்தால் திருத்தும் திரவத்தை மெல்லப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி அடிக்கலாம். அவசரப்பட்டு ஈரத்தில் அடித்தால் அங்கே ஓட்டைதான். படியெடுக்கும் பொறியின் உருளையில் மாட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலும் 500 படியிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஓட்டி முடித்த ஸ்டென்சிலைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து மையை உறிஞ்சவிட்டு, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள்.

பிறகு முகவரி. அன்று உறையின் வாயை ஒட்டாமல், அச்சிட்ட தாள்களுக்கான புக் போஸ்ட்டில் போட்டால் செலவு குறைவாக இருந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்த பிறகு, பட்டியலை அந்த ஆறு இலக்க வரிசையில் எழுதி வைத்த கடைக்கு, ஊர்வாரியாகக் கட்டுக் கட்டும் வேலை எளிதானது.

ஜெராக்ஸ், ஃபேக்ஸ், பேஜர் என்று வந்தவை பலரும் பார்த்தவை. அவற்றில் நிற்க வேண்டாம். ஃபேக்ஸ் பற்றி ஒன்று மட்டும். அந்த வெப்பத் தாளில் வந்த ஆர்டர்கள் பழைய கோப்புகளில் இருந்தால் இன்றே படியெடுத்துவிடுங்கள். எழுத்து மங்கிக்கொண்டே போகும்.

கணினி வந்தது. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பதும் அவைதான். 'கொ' அதில் மூன்று துண்டு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் நாம் பேசும் வரிசையிலேயே போகும். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா' வந்துவிடும், புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும். 2010இல் அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

உங்கள் பழைய வாடிக்கையாளர் பட்டியல் பாமினியில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளான மாற்றியில் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் தனி நெடுவரிசைக்கு நகர்த்துங்கள். மாற்றி ஆங்கிலத்தையும் தமிழ் என்றே நினைத்துப் புரியாத எழுத்துக் குவியலாக்கிவிடும், பிறகு மீட்பது பெரும்பாடு.

எக்செலில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். 91 சேர்த்த 12 இலக்கக் கைபேசி எண்ணை அப்படியே போட்டால் 9.1 என்று தொடங்கி, நடுவில் ஓர் 'ஈ' வந்து சுருங்கி நிற்கும். அந்நிலையில், காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி ஆகச் சேமித்தால் எண் போனது போனதுதான். எண்களைப் போடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும்.

அடுத்தது பெயர் செருகும் மெயில் மெர்ஜ். ஆங்கிலத்தில் பெயரை எங்கே வைத்தாலும் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு இருக்கிறதே! முருகனுக்கு, மாலாவுக்கு, கல்யாணிக்கு, செல்வத்துக்கு. பெயருக்குப் பின்னால் 'க்கு' என்று அச்சிட்டு வைத்தால் 'செல்வம்க்கு' என்று கடிதம் போகும். பல ஆண்டுகள் நம் கடைக்கு வந்தவருடைய பெயரை நாமே சிதைத்து அனுப்பலாமா? 'செல்வம் அவர்களுக்கு' என்று எழுதுங்கள், எந்தப் பெயருக்கும் பொருந்தும். ஊர்ப் பெயரும் அப்படியே. 'சேலம்இல் உள்ள கிளை' வேண்டாம், 'கிளை: சேலம்' போதும்.

இப்போது குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் 160 குறி ஒரு செய்தி. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் வரம்பு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67. கணக்கு நம் கண் எண்ணுகிற மாதிரி வராது. 'தீ' என்பது த, அதன் குறி என்று இரண்டு. 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, கைபேசிக்கு ஏழு. 'அன்புள்ள வாடிக்கையாளரே' 22. 'தீபாவளி நல்வாழ்த்துகள்' 22. நடுவில் ஓர் இடைவெளி. 45 போய்விட்டது! கடைப் பெயர், தேதி, தள்ளுபடி எல்லாம் மிச்சமுள்ள 25இல் அடங்க வேண்டும். விளிப்பை விட்டுவிட்டுக் கடைப் பெயரில் தொடங்குங்கள். ஆங்கிலச் செய்தியிலும் புதிய ரூபாய்க் குறியைப் போட்டால் அதுவும் 70க்கு இறங்கிவிடும். ஒரு செய்திக்கு இரண்டு, மூன்று எனக் கட்டணம் ஏறியதற்கு இந்த ஒரு குறி காரணமாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி நிறுவனப் பெயர், அனுப்புநர் தலைப்பு (செய்தியின் மேலே தெரியும் பெயர்), செய்தி வார்ப்பு (டெம்ப்ளேட்) மூன்றையும் முன்பே பதிய வேண்டும். பதிந்த வார்ப்பில் ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினாலும் செய்தி வழியிலேயே தடுக்கப்படலாம். எனவே வார்ப்பை மறுபடி தட்டாதீர்கள், பதிந்ததையே படியெடுத்து ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் செயலியின் ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பில்லின் அடியில் எண்ணை அச்சிட்டு, கல்லாவில் இருப்பவர் 'சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டியல் உயிரோடு இருக்கும்.

அனுப்பும் முன் மூன்று கைபேசியில் சோதியுங்கள்: ஒரு புதியது, ஒரு பழையது, ஒரு பொத்தான் ஃபோன். பொத்தான் ஃபோனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த ஃபோன் வைத்திருக்கும் பெரியவர்களின் எண்களைத் தனியே எழுதிக்கொண்டு, மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.