கவசத்தை அறுத்தால் ரத்தம் வரவேண்டும்
(வேலூரில் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அறிவியல் புனைகதையிலும், மந்திரமும் மாய உலகமும் வரும் மிகுபுனைவிலும் பாத்திரம் எப்படி உயிர்பெறுகிறது என்பதுதான் இன்றைய பொருள். வட ஆர்க்காட்டு ஊர்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. கர்ண மோட்சம் நடக்கிறது. கர்ணன் சாகப்போகிறான் என்பது மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை யாரும் பாயைச் சுருட்டுவதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னால் நின்று கர்ணன் தன்னைப் பற்றிப் பாடுகிறான். நீ யார் என்று கட்டியங்காரன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கான பதில்தான் அந்த இரவு முழுவதும். பொன்னுருவியிடம் விடைபெறும்போது இவன் என்ன சொல்வான், எந்த இடத்தில் குரல் உடையும் என்று பார்க்கத்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

அவனுடைய கவசத்தைக் கவனியுங்கள். துளைக்க முடியாத கவசம் ஒரு மாயப்பொருள். மிகுபுனைவு நாவல்களில் அப்படிப்பட்டது ஏராளம். இது உடம்போடு பிறந்தது. கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கேட்பவன் இந்திரன் என்று தெரிந்தே அறுத்துக் கொடுக்கிறான். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவன் கர்ணன் கிடையாது. அறிவியல் புனைகதையையும் மிகுபுனைவையும் எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை. நாவலிலிருந்து எந்திரத்தையோ மந்திரத்தையோ வேற்றுக் கிரகத்தையோ உருவிப் பாருங்கள். பாத்திரத்துக்கு ரத்தம் வந்தால் அது நல்ல நாவல். ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே நின்றால், எழுத்தாளர் வேஷத்தை மட்டும் கட்டிவிட்டிருக்கிறார் என்று பொருள். சுஜாதாவின் ஜீனோ என்ற எந்திர நாயை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள், அதன் உள்ளே என்ன மின்சுற்று இருந்தது என்று நினைவில் வைத்திருப்பதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவலில், மந்திரம் படிக்கும் கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டுவதற்காக இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியாக ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடிய தலைமை மந்திரவாதி அதனாலேயே உயிர்விடுகிறார். அவன் கர்வம் எவ்வளவோ அவ்வளவு விலை. நிழல் அவனைத் துரத்துவதும், பிறகு அவன் நிழலைத் துரத்துவதுமாகவே மீதி நாவல் போகிறது.

அடுத்த ஆண்டு, 1969இல், அவரே எழுதிய 'இருளின் இடது கை' இன்னும் நுட்பமானது. கெதென் என்ற பனிக்கிரகத்து மனிதர்களுக்கு நிலையான ஆண், பெண் கிடையாது. மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். பூமியிலிருந்து தூதனாக வந்த ஜென்லி, தனக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்த எஸ்ட்ராவென் என்ற கெதென்காரரை நெடுநாள் சந்தேகப்படுகிறான். பிறகு இருவரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாலையைக் கடக்கிறார்கள். ஒரு கூடாரம், ஒரு சிறிய அடுப்பு, அளந்து வைத்த சாப்பாடு. அன்பு என்ற சொல்லைத் தேடி இந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டாம்.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, கிரகம் தொடும் முன்பே அந்த நட்சத்திரம் சில நொடிகள் மங்கியதை அங்கிருந்த 40 அங்குலத் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. உலகில் வேறு இடங்களிலும் பதிவான இப்படிப்பட்ட மங்கல்களிலிருந்துதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது. எஸ்ட்ராவெனின் மனத்தையும் அப்படித்தான் படிக்கவேண்டும். பேச்சு எங்கே நிற்கிறது, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று பாருங்கள்.

இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில மூலம் கெதென்காரர்களை ஆண்பாலில்தான் சுட்டுகிறது. அது சரியா என்று லெ குவினே பின்னாளில் கட்டுரையில் திரும்ப யோசித்தார். தமிழில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். 'அவர் வந்தார்' என்று போட்டால் பால் மறையும், ஆனால் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பக்கத்திலிருந்தே 'அவர்' என்றால் ஜென்லியின் சந்தேகமும் அலட்சியமும் வழுக்கிப்போகும். 'வந்தான்' என்று தொடங்கி, பனியில் அந்தக் கூடாரத்துக்குள் 'வந்தார்' என்று மாற்றுவதுதான் சரி என்பது என் முடிவு. ஒரு மனிதன் திருந்தியதை அங்கே ஒரே ஒரு 'ர்' சொல்லிவிடும்.

இந்த வகை நாவல்கள் எங்கே கெட்டுப்போகின்றன? முதல் அத்தியாயத்திலேயே ஐந்து தலைமுறை அரசர்களும் மூன்று நிலவுகளும் வந்துவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தத் தகவல் பாத்திரத்துக்குத் தேவைப்படும் நேரத்தில் வந்தால் போதும். அதைவிடப் பெரிய கோளாறு, எல்லாரும் ஒரே குரலில் பேசுவது. உரையாடலில் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையா, அங்கே பாத்திரம் இல்லை. நம் கூத்தில் ராஜா செந்தமிழில் முழங்குவார், கட்டியங்காரன் 'இன்னா ராஜா' என்பான். மொழிபெயர்ப்புகளில் மட்டும் வேற்றுக்கிரகவாசி முதல் கப்பல் கூலிவரை எல்லாரும் ஒரே பத்திரிகைத் தமிழ் பேசுகிறார்கள்.

குரலாலேயே கட்டிய நாவல் ஒன்று உண்டு. டேனியல் கீஸின் 'அல்ஜெர்னானுக்குப் பூக்கள்' 1959இல் சிறுகதையாக வந்து 1966இல் நாவலானது. ரொட்டிக்கடையில் வேலை செய்யும் சார்லியின் நுண்ணறிவு எண் 68. அறுவை சிகிச்சைக்குப் பின் அது 185 ஆகிறது. அதே சிகிச்சையை அவனுக்கு முன்பே பெற்ற எலிதான் அல்ஜெர்னான். கதை முழுவதும் சார்லி எழுதும் அறிக்கைகள். முதலில் எழுத்துப்பிழைகள். காற்புள்ளி என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் சொல்லுக்குச் சொல் காற்புள்ளி. பிறகு நீண்ட, கூர்மையான வாக்கியங்கள். தோழர்கள் என்று நம்பியவர்கள் இத்தனை நாளும் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அந்த அறிவுதான் அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. பிறகு எலி தடுமாறுகிறது, அவனும் தடுமாறுகிறான்.

இதைத் தமிழில் எழுத நினைப்பவர் பிழைகளைக் கண்டபடி தூவக்கூடாது. எழுதத் தடுமாறுபவரின் பிழைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காதில் விழுந்தபடி எழுதுவார். ல, ள, ழ கலங்கும், ன, ண கலங்கும். தினமும் கடைப்பலகையில் பார்க்கும் சொல்லை மட்டும் சரியாக எழுதுவார். தேறும்போது முதலில் எழுத்து சரியாகும், பிறகு நிறுத்தக்குறி, ஒற்று மிகும் இடம் கடைசியில்தான். வீழ்ச்சி இதற்கு நேர் எதிர்வரிசை: முதலில் ஒற்று உதிரும், அப்புறம் புள்ளிகள், கடைசியாக எழுத்து. சார்லி எலியோடு புதிர்ப்பாதைப் பந்தயத்தில் தோற்ற நாளை அவன் குரலில் இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'எலிகிட்ட இன்னைக்கும் தோத்துட்டென் அதுக்கு மட்டும் எப்பிடி வலி தெரியுதுன்னு புரியல'

வழி என்றுதான் எழுத நினைத்தான். வலி என்று விழுந்தது. அவனுக்குத் தெரியாமல் அவன் எழுதியதை நாம் படித்துவிடுகிறோம். நடுவில் அவன் உச்சத்தில் இருக்கும் பக்கங்களில் அந்தச் சொல் 'வழி' என்றே சரியாக வரவேண்டும். கடைசி அறிக்கைகளில் அது மறுபடி 'வலி' ஆகும்போது, தன் மூளை மங்குகிறது என்று அவன் தனியாகச் சொல்லவே தேவையில்லை.

தாளும் பென்சிலும் மேசையில் இருக்கின்றன. எலியிடம் தோற்ற அந்த நாளை மூன்று முறை எழுதுங்கள்: சிகிச்சைக்கு முன், உச்சத்தில், இறங்கும்போது. ஒவ்வொன்றும் ஐந்து வரி. அரை மணி நேரம் கழித்துப் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பார்ப்போம்.