ஆங்கிலமும் கடவுச்சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்பும் செவிலியர்களை ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் இந்த உரைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். வகுப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இலக்கணத்தைப் பற்றியதன்று. "நாலு வருஷமும் இங்கிலீஷ்லதான் படிச்சோம், பரீட்சையும் இங்கிலீஷ்லதான் எழுதினோம், மறுபடியும் எதுக்கு சார் ஒரு டெஸ்ட்?" என்பதே அது.

இதற்கான விடை வினாத்தாளில் இல்லை. குடிவரவு விதிகளில் இருக்கிறது. ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசப்படும் நாடுகள் என்று பிரிட்டன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்நாடுகளின் குடிமக்கள் விசாவுக்காக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு ஜமைக்கா, பார்படோஸ், கயானா போன்ற நாடுகளும் அதில் உண்டு. மால்ட்டாவும் உண்டு. மால்ட்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழிகளுள் ஒன்றுதான் என்றாலும், பெரும்பாலோர் வீட்டில் பேசுவது அரபுக்கு உறவான மால்ட்டிய மொழியை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளர்களுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலத்தைத்தான். பள்ளிகளின் பயிற்றுமொழியும் அதுவே. பொதுத்தேர்வுகளும் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தேர்வு அமைப்புடன் இணைந்தே நடத்தப்படுகின்றன. விசாவுக்காகப் பலரும் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் உரிமையாளர்களுள் ஒருவராக இருப்பதும் அதே கேம்பிரிட்ஜ்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

நைஜீரியா, கானா, கென்யா, இந்தியா ஆகியவை இல்லாதது பலரும் எதிர்பார்ப்பதே. தென்னாப்பிரிக்காவும் இல்லை. ஆனால் தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற வழங்கப்படும் இ-2 விசாவோ, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவை என்று ஏழு நாடுகளை ஏற்கிறது. அந்த ஏழில் தென்னாப்பிரிக்கா ஒன்று. ஒரே தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் தென்கொரியத் தலைநகர் சியோலில் இறங்கினால் தாய்மொழியாளர். லண்டனுக்குப் போக நினைத்தால் தேர்வெழுதியோ பட்டத்தைக் காட்டியோ தம் ஆங்கிலத்தை நிறுவ வேண்டியவர். இடைப்பட்ட விமானப் பயணத்தில் அவருடைய ஆங்கிலத்துக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

தாய்மொழி என்று நாம் சொல்லும்போது மொழியைத் தாயிடம் சேர்க்கிறோம். தாய்மொழியாளரைக் குறிக்கும் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற ஆங்கிலச் சொல் பிறப்பையும் மண்ணையும் சுட்டுகிறது. விசாப் பட்டியல் இரண்டையும் விட்டுவிட்டுக் கடவுச்சீட்டைப் பார்க்கிறது. 2011ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2,59,678 பேர். அதை இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாகக் குறித்தவர்கள் 12 கோடிக்கும் மேல். அந்த இரண்டரை லட்சம் பேரும் இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டும்வரை பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஆங்கிலவழியில் பட்டம் பெற்றவர்களுக்கு விலக்கு இருக்கிறது என்பது உண்மையே; எனினும் பட்டம் இந்தியாவில் பெற்றதாக இருந்தால், அது ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்பதற்குக் கட்டணம் செலுத்தித் தனிச்சான்று வாங்க வேண்டும்.

ஸ்ரீநகரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ரு, ஆங்கிலம் வழங்கும் உலகை 1980களில் மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். பிரிட்டன், அமெரிக்கா முதலியவை உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்று குடியேற்ற ஆட்சியின் வழியே ஆங்கிலம் வேரூன்றிய நாடுகள் வெளிவட்டம். சீனா, ஜப்பான் போன்றவை விரியும் வட்டம். வெளிவட்டத்து ஆங்கிலங்களைப் பிழை மலிந்த நகல்களாகப் பார்க்காமல், தமக்கென விதிமுறைகள் கொண்டவையாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வாதம். யாழ்ப்பாணத்தவரான சுரேஷ் கனகராஜா, உள்வட்டத்தார்தான் சிறந்த ஆங்கில ஆசிரியர்கள் என்ற நம்பிக்கையை இன்னும் கூர்மையாகக் கேள்விக்கு உட்படுத்தியவர்.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. தேர்வை வடிவமைப்பவர்களே தாய்மொழியாளர் என்ற அளவுகோலைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மதிப்பெண்ணைப் பேண்டு என்பார்கள்; அதன் உச்சமான ஒன்பதாம் பேண்டு பெறுபவருக்கு அவர்கள் தரும் பெயர் தேர்ந்த பயனர் என்பதே. ஐரோப்பிய மொழித்திறன் சட்டகமும் தன் உச்சநிலையான சி2 தாய்மொழியாளரின் திறனைக் குறிப்பதன்று என வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பிற்காலத் துணைத்தொகுதி, திறன் விளக்கங்களில் இருந்த அந்தச் சொல்லையே நீக்கிவிட்டது. தேர்வுக்கூடம் இறக்கிவைத்ததைக் குடிவரவு அலுவலகம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

பட்டியலில் இடம்பெற்றவர் எவரும் தேர்வில் எளிதாக வென்றுவிடுவார் என்பதும் இல்லை. 2017இல் அயர்லாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர், ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமைக்காகக் கணினி மதிப்பிடும் ஆங்கிலத் தேர்வொன்றை எழுதினார். பிறந்தது முதல் ஆங்கிலம் பேசியவர். ஆங்கிலத்திலேயே இரண்டு பட்டங்கள் பெற்றவர். பேச்சுப் பகுதியில் 79 தேவைப்பட்ட இடத்தில் அவருக்குக் கிடைத்தது 74. அச்செய்தியைப் படித்தபோது என் மாணவிகள் சிரித்தார்கள்; நான் அவர்களைத் தடுக்கவில்லை. ஐஇஎல்டிஎஸ்ஸின் எழுத்துப் பகுதியும் இப்படித்தான். நாற்பது நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுதுவது பழகிப் பெற வேண்டிய கைத்திறன்; அது தாய்ப்பாலோடு வருவதன்று. பிரிட்டனின் செவிலியர் பதிவுக் குழுவும் 2018 டிசம்பரில் எழுத்துக்கான மதிப்பெண்ணை மட்டும் 7இலிருந்து 6.5ஆகக் குறைத்தது. அந்த அரை பேண்டுக்காக மூன்று முறை, நான்கு முறை பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கனடா வேறு வழியில் செல்கிறது. அங்கே நிரந்தரமாகக் குடியேறுவதற்கான விரைவு நுழைவு முறையில் விண்ணப்பிக்கும் எவரும், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுத் தேர்வின் முடிவைக் காட்டியாக வேண்டும். முடிவுகள் செல்லுபடியாவது இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே. ஆகவே லண்டனில் பிறந்து வளர்ந்தவரின் ஆங்கிலமும் அங்கே, திருச்சியில் படித்த செவிலியரின் ஆங்கிலத்தைப் போலவே, இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடுகிறது.

நன்றி, வணக்கம்.