முள்ளு எங்கடி கண்ணு?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

உலகமயத்தால கிராமம் வாழ்ந்ததா, வீழ்ந்ததா? வீழ்ந்ததுன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின தம்பி ஒரே கேள்வியில கைதட்டல் வாங்கிட்டாரு. "நம்ம வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி கத்திரிக்காயைத் தொட்டா முள்ளு குத்துது. அதை உலகத்துல எவன் வாங்குவான்?"

தம்பி, எங்க ஆயா கதையைக் கேளுங்க. ஆயா சென்னையில அக்கா வீட்டுக்குப் போச்சு. அக்கா ஆசையா பெரிய கடையில கத்திரிக்காய் வாங்கியாந்தா. வழவழன்னு, எல்லாம் ஒரே அளவு. ஆயா ஒண்ணை எடுத்துச்சு. காம்பைத் தடவிச்சு. "முள்ளு எங்கடி கண்ணு?" இன்னொண்ணை எடுத்துச்சு. தடவிச்சு. "இதுலயும் காணோமே!" மொத்தத்தையும் முறத்துல கொட்டி, ஒவ்வொரு காம்பா தடவிட்டுக் கேட்டுச்சு: "இன்னாடி இது, எந்த ஊர்க் காய்?" அக்காவுக்குத் தெரியல. மறுநாள் ஆயாவே கடைக்குப் போய்க் கேட்டுச்சு. கடைக்காரருக்கும் தெரியல. பொட்டலத்துல விலை இருந்துச்சு, ஊர் இல்ல!

அந்த முள்ளுதான் தம்பி எங்க ஊரு. 2023-ல புவிசார் குறியீடு, அதான் இது இந்த ஊருப் பொருள்னு சொல்ற முத்திரை, கிடைச்சதே எங்க முள்ளு கத்திரிக்குத்தான். ஆயா ஒரு காயைச் செடியிலயே பழுக்க விடும். விதையை அலசி, சாம்பல்ல புரட்டி உலர்த்தும். அடுத்த போகத்துக்கு அதே விதை, அதே காய். கம்பெனி வீரிய விதையில அப்படி எடுத்து வெச்சுப் பாருங்க, தாய்ச்செடி மாதிரி வராது. வருஷா வருஷம் காசு கொடுக்கணும். விதைக்கே கையேந்துற ஊரு எப்படி வாழும்?

ஆம்பூர் ஷூ உலகமெல்லாம் போகுதுன்னீங்க. போகுது, சோறும் போடுது, மறுக்கல. ஷூ கப்பல் ஏறிடுச்சு, தோல் கழுவின தண்ணி பாலாத்துலயே நின்னுடுச்சே! அதுக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல தீர்ப்பு வாங்க வேண்டியிருந்துச்சே!

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் அய்யா, ஒரு நிமிஷம்.

தம்பி, நீங்களும் இலவம்பாடி இருக்கிற அணைக்கட்டு வட்டாரம்தான். உங்க அம்மா முன்வரிசையில உக்காந்திருக்காங்க. விடியறதுக்குள்ள காய் பறிச்சு, கூடையோட வேலூர் பஸ் ஏறினவங்க. அந்தக் காசுலதான் நீங்க காலேஜ் போனீங்க. முள்ளு குத்துதுன்னு ஒரு நாளாவது உங்ககிட்ட சொன்னாங்களா? அம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கம்மா. நடுவர் பார்க்கட்டும்.