அண்டாவின் கணக்கு அறிந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி விடுதி ஒன்றின் சமையல்கூடத்தை 22 ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். சேர்ந்த முதல் வாரத்தில் 300 பேருக்கு உலை வைத்தோம். வீட்டில் நாலு பேருக்கு வைக்கிற அளவை அப்படியே பெருக்கிக்கொண்டேன். அண்டாவின் அடியில் சாதம் தீய்ந்துவிட்டது, நடுவில் குழைந்துவிட்டது, மேலே அரிசி அரிசியாகவே நின்றது. பிள்ளைகளோ தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அண்டாவுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். வேகிற விதம், உப்பு பிடிக்கிற விதம், விறகு எரிகிற விதம் எல்லாமே அதில் மாறிவிடும்.

அந்தக் கணக்கை நன்றாக அறிந்த ஒரு பிரெஞ்சுச் சமையல்காரரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் அலெக்ஸிஸ் சுவாயே. அவருடைய பெரிய காரியங்கள் எதுவும் பிரான்சில் நடக்கவில்லை. லண்டனிலும் டப்ளினிலும், துருக்கியிலும் கிரிமியாவிலும் நடந்தவை.

பாரிஸுக்குக் கிழக்கே மோ என்ற ஊரில் 1810-இல் பிறந்தார். எளிய குடும்பம். அண்ணன் பிலிப் சமையல்காரர். தம்பியும் சிறு வயதிலேயே பாரிஸ் போய் அதே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1830-இல் பிரதமர் பொலினியாக்கின் சமையல்கூடத்தில் வேலை. அந்த ஜூலையில் புரட்சி வெடித்தது. கூட்டம் ஆயுதங்களோடு உள்ளே புகுந்தபோது, இளைஞர் சுவாயே 'மார்செய்யேஸ்' என்ற புரட்சிப் பாட்டை உரக்கப் பாடி உயிர் தப்பினார் என்று, அவரிடம் செயலாளர்களாக இருந்தவர்கள் பின்னாளில் எழுதிவைத்தார்கள். நல்ல குரல் வளம் உள்ளவர், நாடகப் பைத்தியம் என்பதால் நான் அதை நம்புகிறேன். அடுத்த ஆண்டே அண்ணன் இருந்த லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

சில பிரபுக்களின் வீடுகளில் சமைத்த பிறகு, 1837-இல், லண்டனில் அரசியல் பிரமுகர்கள் கூடுகிற ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் ஆனார். மறு ஆண்டு, விக்டோரியா ராணிக்கு முடிசூட்டிய நாளில், 2,000 பேருக்குக் காலை விருந்து படைத்தார். கிளப்புக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியோடு உட்கார்ந்து சமையல்கூடத்தை அவரே வடிவமைத்தார். காஸ் என்றால் விளக்கு என்று இருந்த காலத்தில் காஸ் அடுப்பில் சமைத்தார். மீன் வைக்கிற பளிங்குப் பலகையின் மேல் பனிக்கட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு அந்தக் கூடத்தில் மிகவும் பிடித்தது நடுவில் கிடந்த மேசைதான். அதற்குப் பன்னிரண்டு பக்கங்கள். கூரையைத் தாங்கும் இரண்டு தூண்கள் மேசையின் ஊடாகவே மேலே போகும். அந்தத் தூண்களைச் சுற்றி உப்பு, மிளகு, நறுக்கிய இலைதழைகள் எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளில் இருக்கும். எந்தப் பக்கம் நிற்பவனும் ஓர் அடி நகராமல் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். உப்புக்காக ஒரு நாளைக்கு எத்தனை முறை குறுக்கே நடக்கிறோம், எத்தனை முறை ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்கிறோம் என்பது சமையல்கூடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அவர் அதையெல்லாம் யோசித்திருக்கிறார்.

அவருடைய மனைவி எம்மா ஓர் ஓவியர். திருமணமான ஐந்தாம் ஆண்டில், 1842-இல், பிரசவத்தில் இறந்துபோனார். சுவாயே அப்போது வெளியூரில் இருந்தார். லண்டனின் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்காகப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சரி, இனி டப்ளினுக்கு வருவோம். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பி வாழ்ந்த ஏழை மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஊரூராகக் கஞ்சித் தொட்டி திறப்பதென்று 1847-இல், அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. பெருங்கூட்டத்துக்குக் குறைந்த செலவில் எப்படிச் சூப் காய்ச்சலாம் என்று பத்திரிகைகளுக்கு ஏற்கனவே கடிதம் எழுதிக்கொண்டிருந்த சுவாயேயை அழைத்தது. அந்த ஏப்ரலில் டப்ளினில் ராணுவ முகாமுக்கு எதிரே அவருடைய மாதிரிச் சமையல்கூடம் திறந்தது.

அந்தக் கொட்டகையைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். நடுவில் 300 காலன் கொப்பரை. நம் கணக்கில் 1,300 லிட்டருக்கு மேல். சுற்றிலும் நீள மேசைகள். மேசையில் குழி வெட்டிக் கிண்ணங்களைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி, சங்கிலியால் கட்டியது. மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வந்து உட்கார வேண்டும். குடித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டியோடு மறு வாசல் வழியாக வெளியேறுவார்கள். கிண்ணத்தைத் துடைப்பார்கள், மறுபடி மணி, அடுத்த பந்தி. நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் இப்படிப் பசியாறியிருக்கிறார்கள்.

அந்தக் கரண்டிச் சங்கிலியைப் பற்றி முதலில் படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. திறப்பு நாளில் பெரிய மனிதர்கள் வண்டியில் வந்து இறங்கி, ஏழைகள் குடிப்பதை நின்று வேடிக்கை பார்த்ததைப் படித்தபோது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைய பத்திரிகைகளே அதைக் கண்டித்தன. சூப்பின் மேலும் குறை இருந்தது. அவர் வெளியிட்ட ஒரு செய்முறையில் இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு இறைச்சி. அதாவது ஒன்பது லிட்டருக்குச் சுமார் 110 கிராம். அதோடு கொஞ்சம் மாவு, பார்லி, வெங்காயம், டர்னிப். இதில் சத்தில்லை என்று மருத்துவர்கள் எழுதினார்கள். நானும் அந்த அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. நாவுக்கு ருசியாக இருந்திருக்கும், உடம்பைத் தாங்கியிருக்காது. ஆனால் அந்தக் கொட்டகையின் ஓட்டத்தில் நான் குறை காண மாட்டேன். அந்த ஜூலையில் அயர்லாந்து முழுவதும் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் அரசாங்கக் கஞ்சித் தொட்டிகளில் குடித்தார்கள். அவ்வளவு பேருக்கு ஆறாமல், சிந்தாமல், தள்ளுமுள்ளு இல்லாமல் ஊற்றுவது எப்படி என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் சுவாயே.

1850-இல் கிளப்பை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு, உலகக் கண்காட்சியை ஒட்டி, இன்றைக்கு ராயல் ஆல்பர்ட் ஹால் நிற்கிற இடத்தில் மாபெரும் உணவகம் ஒன்றைத் திறந்தார். 7,000 பிரிட்டிஷ் பவுண்டு நஷ்டம். அப்புறம் ஏழைகளுக்கென்று ஒரு ஷில்லிங் விலையில் சமையல் புத்தகம் போட்டார். அது அமோகமாக விற்றது.

1855 பிப்ரவரியில் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் நடத்திய கிரிமியப் போரில் குண்டடிபட்டுச் சாகிறவர்களைவிட நோயால் சாகிற சிப்பாய்கள் அதிகம் என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். என் சொந்தச் செலவில் வருகிறேன், ஆஸ்பத்திரிச் சமையலை என்னிடம் விடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அரசாங்கம் சம்மதித்தது. இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரி. அங்கே செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஏற்கனவே போராடிக்கொண்டிருந்தார்.

சமையல்கூடத்தில் சுவாயே கண்ட காட்சி இது. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இறைச்சியை ஒரு மரக்கட்டையில் இறுக்கிக் கட்டிக் கொதிக்கும் கொப்பரைக்குள் விட்டுவிடுகிறார்கள். யாருடையது எது என்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காகக் கூடவே கந்தல் துணி, பொத்தான் கோர்த்த கயிறு, பழைய கத்தரிக்கோல் என்று எதையாவது கட்டிவிடுகிறார்கள். இறுக்கிக் கட்டியதால் இறைச்சியின் உட்புறம் பச்சை, வெளிப்புறம் சக்கை. வெந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள்! சாறெல்லாம் இறங்கியிருப்பது அந்தத் தண்ணீரில்தானே? அதைப் படித்தபோது என் விடுதி அண்டாதான் கண்முன் வந்து நின்றது.

கட்டைத் தளர்த்துங்கள், இறைச்சியைச் சுற்றித் தண்ணீர் ஓடட்டும் என்றார் சுவாயே. அந்தத் தண்ணீரில் பார்லியும் காய்கறியும் சேர்த்து நோயாளிகளுக்குச் சூப் ஆக்கினார். மேலே மிதக்கிற கொழுப்பைத் தனியே எடுத்தார். கெட்டுப்போன வெண்ணெய்க்கு இது எவ்வளவோ மேல் என்று காட்டினார். வடிகட்டி பொருத்திய பெரிய தேநீர்க் கெட்டில் ஒன்றைச் செய்வித்தார். சிப்பாய்களுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார். ராணுவம் தருகிற அதே பொருள்கள்தான், செலவு கூடவில்லை. கிரிமியாவுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து படுத்தார். எழுந்து மறுபடி வேலைக்குத் திரும்பினார்.

அவர் செய்த அடுப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பார்க்க ஒரு பீப்பாய் மாதிரி இருக்கும். உள்ளே கீழ்ப்பாகத்தில் நெருப்பு, மேல்பாகத்தில் கொப்பரை, அதற்கு ஒரு மூடி, புகை போக ஒரு குழாய். விறகு, கரி, வறட்டி எது கிடைத்தாலும் எரியும். நெருப்பு மூடியே இருப்பதால் மழை அணைக்காது, காற்று அலைக்காது. இரவில் வெளிச்சம் தெரிந்து எதிரி சுடுவான் என்ற பயமும் இல்லை. திறந்த வெளியில் மூட்டுகிற நெருப்புக்கு ஆகிற விறகில் ஒரு சின்னப் பங்கு போதும். கோவேறு கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகலாம். 1855 ஆகஸ்டில், கிரிமியாவில் ரஷ்யர்களின் கோட்டை நகரமான செவஸ்தபோலைச் சுற்றியிருந்த முற்றுகை முகாமில், தளபதிகளை அழைத்துவந்து, சிப்பாய்களின் சாதாரண ரேஷனை வைத்தே அதில் சமைத்துக் காட்டினார்.

லண்டன் திரும்பிய பிறகும் ராணுவச் சமையல்கூடங்களைத் திருத்துகிற வேலைதான். 1858 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இறந்தார். வயது 48. சமையலை ஆடம்பரத்துக்காகப் படித்தவர்கள் பலர் உண்டு, பெருங்கூட்டத்துக்குச் சத்தாகச் சமைப்பதற்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று எழுதி வருந்தினார் நைட்டிங்கேல். விட்டுப்போனதில் கடன் பாக்கியும் இருந்தது. மனைவிக்காக எழுப்பிய அதே கல்லறையில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அந்த அடுப்பு மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் நின்றது. சின்னச் சின்ன மாற்றங்களோடு, இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் அதில் சிப்பாய்களுக்குச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

வணக்கம்.