மூளைப் புகாரும் எங்கள் குளக்கட்டும்

(ஊர் முதியோர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து சனசமூக நிலையத்தில் கூட்டிய கூட்டத்தில் பேசியது. பேசிய ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

தலைமை வகிக்கும் சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, விளக்கேற்றி வைத்த பிள்ளையார் கோயில் ஐயா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, காலையிலிருந்து மூன்று கூட்டங்களுக்குப் போய்விட்டு நாலாவதாக இங்கே வந்தும் முகம் சுளிக்காமல் இருக்கும் கிராம அலுவலர் தங்கச்சி அவர்களே, இந்த ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் அக்கா அவர்களே, உழவு மெசினை வயலில் நிறுத்திவிட்டு ஓடிவந்த கமக்காரர் அமைப்புச் செயலாளர் தம்பி அவர்களே, கதிரை கிடைக்காமல் வேம்படியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் தம்பிமாரே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்கும் நன்றி. இந்தப் புரட்டாதி வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு நிற்பதே ஒரு தேகப்பயிற்சி. குறை நினைக்காதீர்கள், கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

ஒக்டோபர் 10 உலக மனநல நாள். 1992 இலிருந்து கொண்டாடுகிறார்கள். அதையொட்டி ‘மூளைப் புகாரும் மனச்சோர்வும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் புகார் என்றால் நாங்கள் முறைப்பாடு என்பது. எங்களுக்குப் புகார் என்றால் மார்கழி விடியலில் ஏ-9 வீதியை மறைத்துக்கொண்டு நிற்கிற மூடுபனி. பத்து யார் தூரத்தில் வருகிற லொறியின் வெளிச்சம் கூடத் தெரியாது. அது தலைக்குள் இறங்கினால் எப்படி இருக்கும்? அடுப்படிக்குள் போவீர்கள், எதற்கு வந்தோம் என்று நிற்பீர்கள். பேரனைக் கூப்பிட மூன்று பேரப்பிள்ளைகளின் பெயரையும் சொல்லி முடிப்பீர்கள். பத்திரிகையில் ஒரே வரியை நாலு தரம் வாசிப்பீர்கள். இது ஒரு வருத்தத்தின் பெயரல்ல. பல காரணங்கள் சேர்ந்து காட்டுகிற ஒரு குணங்குறி.

முப்பது வருடம் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வேலை பார்த்தவன் நான். நுளம்புக் குடம்பியையும் மலசலகூடக் குழியையும் பார்த்தே காலம் போனது. அந்த முப்பது வருடமும் எங்கள் சனத்திடம் கேட்ட ஒரே பதில்: ‘இதெல்லாம் ஒரு கரை சேரட்டும் ஐயா, பிறகு உடம்பைப் பாப்பம்.’ அரிவு வெட்டு முடியட்டும். கடன் தீரட்டும். மகனுக்கு விசா வரட்டும். என்ர ஆச்சி இதற்கு ஒரு பழமொழி வைத்திருந்தா: ‘அலை ஓய்ந்து தலை முழுகுவதா?’ முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவ. அலை ஓயாது என்று அவவுக்குத் தெரியும்.

இன்றைக்கு ஐந்து விஷயம் சொல்லப்போகிறேன். நித்திரை, சாப்பாடு, நடை, கைத்தொலைபேசி, மனிசர். ஐந்தையும் கைவிரலில் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முதல் என்ர கதையைச் சொன்னால்தான் நீங்கள் கேட்பீர்கள்.

நாலு வருடத்துக்கு முந்தி, ஓய்வுபெற்ற அடுத்த வருடம். ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன். மரக்கறி வாங்கினேன், கால் கிலோ கருவாடும் வாங்கினேன். பிறகு பஸ்ஸில் ஏறி முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி, வழக்கம்போலக் கச்சான் ஒரு சரை வாங்கிக் கொறித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். மத்தியானம் மனிசி கேட்கிறா, ‘இஞ்சருங்கோ, மோட்டார் சைக்கிள் எங்கே?’ முற்றத்துக்கு ஓடினேன். இல்லை. மாட்டுக்கொட்டில் பக்கம் பார்த்தேன். இல்லை. பட்டப்பகலில் படலையைத் திறந்து கள்ளன் கொண்டுபோய்விட்டான்! அயலட்டம் கூடிவிட்டது. ஒரு தம்பி ‘நானும் சத்தம் கேட்டனான் ஐயா’ என்றான். அவன் இப்போதும் வேம்படியில்தான் நிற்கிறான், பெயர் சொல்லமாட்டேன்.

பொலிசுக்குப் போனோம். சார்ஜன்ட் நல்ல மனிசன், கொச்சைத் தமிழில் மெதுவாகக் கேட்டுக் கேட்டுப் பெரிய புத்தகத்தில் எழுதுகிறார்.

‘ஐயா கடைசியா எங்க ஓடினது?’

‘சந்தைக்கு.’

‘எத்தினை மணி?’

‘எட்டு மணிக்கு.’

‘திரும்பி எதில வந்தது?’

‘பஸ்ஸில’ என்றேன்.

சொன்ன பிறகும் எனக்கு விளங்கவில்லை! சார்ஜன்ட் பேனையை மேசையில் வைத்தார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனிசி முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தா பாருங்கள், அந்த இடியில்தான் புகார் விலகியது. சாவி என்ர காற்சட்டைப் பையிலேயே கிடந்தது.

பின்னேரம் சந்தைக்குப் போனால், விட்ட இடத்திலேயே மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கைபிடியில் கருவாட்டுப் பை தொங்குகிறது. கீழே ஒரு தெருநாய் படுத்திருக்கிறது. கருவாடு எப்போதாவது விழும் என்ற நம்பிக்கையில் அது காலையிலிருந்து என்ர சொத்தைக் காவல் காத்திருக்கிறது. கருவாட்டில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சிரிக்கிறீர்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். இரவு படுத்தபோது சிரிப்பு வரவில்லை. என்ர தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் பிள்ளைகளைத் தெரியாமல் போனது. எனக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேப்பர் பார்ப்பதை விட்டேன், கோயிலுக்குப் போவதை விட்டேன். சாப்பாட்டில் ருசியில்லை. ‘வேலை போன மனிசனுக்கு இனி என்ன’ என்று கதிரையில் சாய்ந்து கிடந்தேன்.

மனிசிதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா. அந்த இளம் டொக்டர் பிள்ளை மருந்துத் துண்டில் கை வைக்க முதல் கேள்வியாகக் கேட்டது. எத்தினை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஒரு மணிக்கு; மகன் வெளிநாட்டிலிருந்து எடுக்கிற நேரம் அது. எத்தினை தேத்தண்ணி? ஏழு, எட்டு. என்னென்ன குளிசை? சலரோகத்துக்கு எட்டு வருடமாக மெற்போமின். அரிப்புக்கு இரவில் பாமசியில் கேட்டு வாங்குகிற நித்திரைத் தூக்கக் குளிசை. ஒருவரும் எழுதித் தந்ததல்ல. கடைசியாக எப்போது நன்றாகச் சிரித்தீர்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரத்தம் சோதித்தார்கள். விற்றமின் பி12 குறைவு. மெற்போமின் வருடக்கணக்கில் எடுக்கிற சிலருக்கு இது குறையும். உடனே வீட்டுக்குப் போய்க் குளிசையை நிறுத்திவிடாதீர்கள், பாவி என்ர தலையில் பழி வரும்! கிளினிக்கில் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். தைரொயிட் குறைந்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும், குறட்டையோடு மூச்சு அடைபட்டு நித்திரை குழம்பினாலும் இதே மந்தம் வரும். மாதவிடாய் நிற்கிற வயதுப் பெண்களுக்கும் வரும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைகள் சுகவனிதையர் கிளினிக் நடத்துகின்றன. போகிறவர்கள் எத்தனை பேர் என்று அக்காவைக் கேளுங்கள். எல்லோரும் அலை ஓயட்டும் என்று கரையில் நிற்கிறார்கள்.

சரி, முதலாவது விரல், நித்திரை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். எத்தினை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். எழும்பினவுடன் வெளிச்சத்தைக் கண்ணில் படவிடுங்கள். உடம்பின் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது காலை வெயில்தான். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்துங்கள். குடித்த கபீனில் பாதி இறங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் போகும். ஒரு போத்தல் அடித்தால் நித்திரை வரும் என்கிற அண்ணைமாருக்கும் ஒரு சொல்: வரும், சாமம் ஒரு மணிக்கு உங்களை எழுப்பிவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது, சாப்பாடு. சோறு முடிந்த கையோடு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் எங்களுக்கு. அந்தச் சாயம் முருங்கையிலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். சோற்றோடு தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பி12 மீனிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிறது. வல்லாரை ஞாபகசக்திக்கு என்பார்கள். சம்பலுக்கு நல்லது, அதற்கு மேல் நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

ஐயையோ, மன்னிக்க வேண்டும். பின்வரிசையில் பங்குத்தந்தை அவர்கள் இருக்கிறார்கள்! வணக்கவுரையில் விட்டுவிட்டேன். இந்தக் கட்டிடத்துக்குக் கூரை போடத் தகரம் தந்தவர் அவர். பாதர், தலைப்புக்கு உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடைக்குப் போக முதல் ஒன்று சொல்ல வேண்டும். 2009 இறுதி யுத்தத்தைக் கடந்து வந்த சனம் நாங்கள். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு ஆளின் காயம் வேறு, ஊரே காயப்படுவது வேறு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் இருக்கத் தொடங்கிய தாய்மாரிடம் போய் ‘அம்மா, காலையில் நடவுங்கோ, மனம் லேசாகும்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குத் தேவை பதில். இரண்டு கிழமைக்கு மேல் ஒன்றிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் பசியும் கெட்டுக் கிடக்கிறவருக்கும் நடை மட்டும் போதாது. மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 1926 க்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். மருந்து எடுப்பது வெட்கமில்லை. நான் ஆறு மாதம் எடுத்தேன். இந்த மேடையில் முதல் தரமாகச் சொல்கிறேன்.

இனி நடை. கிழமைக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாளைக்கு அரை மணித்தியாலம். மனம் சரியானால் நடப்பேன் என்கிறோம். அது தலைகீழ். கால் முதலில் போகும், மனம் பின்னால் வரும். திரும்ப ஆச்சியைத்தான் கூப்பிட வேண்டும்: அலை ஓய்ந்து தலை முழுகுவதா?

ஆனால் எங்கே நடப்பது? ஆம்பிளைகள் ஏ-9 ஓரத்தில் நடக்கிறோம், மண் டிப்பர் உரசிக்கொண்டு போகிறது. பெண்கள்? விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கூலிக்குப் போய்ப் பொழுதுபட வருகிற பிள்ளைக்கு நடக்க ஒரு இடம் இந்த ஊரில் இருக்கிறதா? கல்வீதியில் நாய். காட்டுக்கரையில் யானை. தனியே நடந்தால் ‘எங்க போறாள்’ என்ற கதை. மனச்சோர்வுக்கு மருந்து நடை என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம், நடக்க ஒரு முழம் நிலம் வைக்கவில்லை.

எங்கள் குளக்கட்டு இருக்கிறது. துருசு என்கிற மதகிலிருந்து, மிகைநீர் வழிகிற வான் வரை போய்த் திரும்பினால் எனக்கு முப்பத்தைந்து நிமிடம். ஒரு பக்கம் அலைகரைக் காற்று, மறுபக்கம் வயல். மூன்று வருடமாகக் கேட்கிறேன். குளக்கட்டின் மேல் மரம் நடச் சொல்லிக் கேட்டதாகக் கதை கட்டியிருக்கிறார்கள். அந்த முட்டாள்தனம் எனக்கில்லை. வேர் இறங்கினால் கட்டு ஒழுகும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவன் குளக்கட்டோடு விளையாடமாட்டான். நான் கேட்பது: பற்றையை வெட்டி மேலே கிரவல் பரவ வேண்டும், அடிவாரத்துக்கு வெளியே தள்ளி நாலு மருத மரமும் இருக்க இரண்டு வாங்கும் வேண்டும், சூரிய மின்விளக்கு ஆறு வேண்டும். யானை வருகிற பக்கத்தில் விளக்கு கட்டாயம்.

முதலில் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போனேன். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்கிற சிறுகுளம் தங்களுடையதல்ல என்றார்கள், சரிதான். கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குப் போனேன். குளம் எங்களுடையது, விளக்கு பிரதேச சபையுடையது என்றார்கள். சபை உறுப்பினர் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தலையாட்டுகிறார்கள். தலையாட்டியதைக் கூட்ட அறிக்கையில் எழுதும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடிக்கிறது. கைத்தொலைபேசியும் மனிசரும் விரலிலேயே நிற்கின்றன, தலைவர் அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. இதுவரை 63 கையெழுத்து, அதில் பெண்கள் பதினொன்று. மாதர் சங்கத் தலைவி அதைக் கவனிக்க வேண்டும். தேத்தண்ணி அதே மேசையில்தான் வைத்திருக்கிறார்கள். மணி நாலரை, எனக்கு வேண்டாம். நாளை விடிய ஐந்தே முக்காலுக்குத் துருசடியில் நிற்பேன். டோர்ச் என்னிடம் ஒன்றுதான், வருகிறவர்கள் தங்களுடையதைக் கொண்டுவரவும். வணக்கம்.